டாக்காவிலிருந்து சென்ற கடிதம்: விஞ்ஞானி சத்தியேந்திர நாத் போஸ்

பௌதிகவியலில் சில மனிதர்கள் சொற்களாகவே எமக்கு அறிமுகமாகிறார்கள். நியூட்டனையும் அம்பியரையும் கெல்வினையும் நாம் முதலில் அறிவது அலகுகளாகத்தான். அவர்களுக்கும் தாய், தந்தை, வீடு, பாடசாலை எல்லாம் இருந்தன என்பது பிறகுதான் நினைவுக்கு வருகிறது. போசான் என்ற சொல்லும் அப்படிப்பட்டதே. இந்தப் பிரபஞ்சத்திலுள்ள துணிக்கைகள் யாவும் இரண்டு பெரும் குடும்பங்களாகப் பிரிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு குடும்பத்தின் பெயர் போசான். அந்தப் பெயருக்குள் இருப்பவர் எமது அயல்நாடான இந்தியாவில், வங்காளத்தில் பிறந்த ஓர் ஆசிரியர். சத்தியேந்திர நாத் போஸ் என்பது அவரது முழுப்பெயர்.

பிறப்பும் கல்வியும்

போஸ் 1894 ஆம் ஆண்டு ஜனவரி 1 ஆம் திகதி கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தை சுரேந்திரநாத் போஸ் ரயில்வேக் கம்பனியில் பொறியியற் பிரிவில் வேலை பார்த்தவர். தாயின் பெயர் ஆமோதினி தேவி. ஏழு பிள்ளைகளில் மூத்தவரும் ஒரே ஆண் பிள்ளையும் இவரே. இவருக்குப் பின் ஆறு தங்கைகள். காலையில் வேலைக்குப் புறப்படும் முன் தந்தையார் தரையில் கணக்குகளை எழுதி வைத்துவிட்டுப் போவாராம். அவர் திரும்பி வருவதற்குள் மகன் அவற்றைச் செய்து முடித்துவிட வேண்டும். வீட்டுத் தரைதான் போஸின் முதலாவது கரும்பலகை.

சிறுவயதிலிருந்தே அவருக்குக் கண்பார்வை குறைவு. ஆனால் படிப்பதில் குறைவில்லை. இந்துப் பாடசாலையில் படித்த காலத்தில் கணித ஆசிரியர் அவருக்கு நூற்றுக்கு 110 புள்ளிகள் வழங்கினார் என்று ஒரு கதை உண்டு. கேட்ட வினாக்கள் அனைத்துக்கும் விடை எழுதியதோடு, சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் செய்து காட்டியிருந்தாராம்.

பின்னர் அவர் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் போன்ற பெரும் விஞ்ஞானிகள் அங்கே ஆசிரியர்களாக இருந்தனர். அவருடன் ஒரே வகுப்பில் படித்தவர் மேக்நாத் சாஹா. கிழக்கு வங்காளத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் விண்மீன்களின் வெப்பநிலையைக் கணிக்கும் சமன்பாட்டைத் தந்து உலகப்புகழ் பெற்றவர் அவர். 1913 இல் நடந்த விஞ்ஞானமாணிப் பரீட்சையிலும் 1915 இல் நடந்த முதுமாணிப் பரீட்சையிலும் போஸ் முதலிடம், சாஹா இரண்டாமிடம். இருவரும் போட்டியாளர்களாக அல்ல, நண்பர்களாகவே இருந்தார்கள். இடையில் 1914 இல் போஸுக்கும் உஷாபதி என்பவருக்கும் திருமணம் நடந்தது.

அன்று ஐரோப்பாவில் பௌதிகவியல் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. பிளாங்கும் ஐன்ஸ்டைனும் எழுதிய கட்டுரைகள் ஜேர்மன் மொழியில் இருந்தன. முதலாம் உலகப் போர் காரணமாக நூல்கள் வந்து சேர்வதும் கடினமாயிற்று. போஸும் சாஹாவும் கைக்குக் கிடைத்த நூல்களைத் தேடியெடுத்து, மொழியைத் தாமே கற்றுக்கொண்டு, சார்புக் கொள்கை பற்றிய கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். கல்கத்தா பல்கலைக்கழகம் அதனை 1920 இல் நூலாக வெளியிட்டது. அப்போது அவர்கள் இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை.

டாக்காவில்

1921 இல் டாக்கா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. கிழக்கு வங்காளத்தின் மக்கள், சிறப்பாக அங்கு பெரும்பான்மையினராக வாழ்ந்த முஸ்லிம்கள், தமக்கென ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டுமென்று நெடுங்காலம் கேட்டுப் பெற்ற பல்கலைக்கழகம் அது. அதன் முதல் ஆண்டிலேயே போஸ் பௌதிகவியற் பிரிவில் ஆசிரியராகச் சேர்ந்தார். வாழ்வின் நடுப்பகுதியான ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகளை அவர் அங்கேயே கழித்தார்.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆரம்பகால மாணவியரில் ஒருவரை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. பஸீலத்துன் நிஸா என்ற முஸ்லிம் பெண் அங்கே கணிதம் கற்று, 1927 இல் முதுமாணிப் பரீட்சையில் முதல் வகுப்பில் முதலாம் இடத்தைப் பெற்றார். ஒரு முஸ்லிம் பெண் பல்கலைக்கழக வாசலை மிதிப்பதே பெரிய செய்தியாக இருந்த காலம் அது. போஸ் நடமாடிய டாக்கா அத்தகைய விடியலைக் கண்டுகொண்டிருந்த ஊர்.

வகுப்பில் பிளாங்கின் விதியைக் கற்பிக்கும்போதெல்லாம் போஸின் மனத்தில் ஒரு நெருடல் இருந்தது. சூடான பொருளொன்று எந்த அலைநீளத்தில் எவ்வளவு கதிர்ப்பை வெளியிடும் என்பதைச் சரியாகச் சொன்னது அந்த விதி. விடை சரி. ஆனால் அந்த விடைக்கு வந்த வழி சரியில்லை. ஒளி சக்திச் சொட்டுகளாக வருகிறது என்ற புதிய எண்ணத்தையும், ஒளி அலையாகப் பரவுகிறது என்ற பழைய கணக்கையும் ஒன்றாகக் கலந்துதான் அது நிறுவப்பட்டிருந்தது. பரீட்சையில் விடையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இடைப்படிகளை ஒட்டிவைத்தது போன்ற நிலை. தமக்கே திருப்தி தராத ஒன்றை மாணவருக்குக் கற்பிக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவர் ஒளியை முழுவதும் துணிக்கைகளாகவே வைத்து, ஒரு வாயுவைக் கணக்கிடுவது போல எண்ணிப் பார்த்தார். எண்ணும் முறையில்தான் புதுமை இருந்தது. அதை ஒரு சிறு உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம்.

எம்மிடம் ஒரு சிவப்பு வளையலும் ஒரு பச்சை வளையலும் இரண்டு பெட்டிகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வளையல்களைப் பெட்டிகளில் இடக்கூடிய வழிகள் நான்கு. இரண்டும் முதற் பெட்டியில். இரண்டும் இரண்டாம் பெட்டியில். சிவப்பு முதலிலும் பச்சை இரண்டாவதிலும். பச்சை முதலிலும் சிவப்பு இரண்டாவதிலும். நான்கில் இரண்டு வழிகளில், அதாவது சரிபாதியில், வளையல்கள் ஒரே பெட்டிக்குள் சேர்ந்திருக்கும். இப்போது இரண்டு வளையல்களும் எந்த விதத்திலும் வேறுபடுத்த முடியாதவை என்று கொள்வோம். கடைசி இரண்டு வழிகளும் ஒன்றாகிவிடும். ஆகவே மூன்றே வழிகள். அவை மூன்றையும் சமமாகக் கருதினால், மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு அவை ஒரே பெட்டிக்குள் இருப்பதற்கே. வேறுபாடு காட்ட முடியாத பொருட்களுக்கு ஒன்றுசேர்ந்திருக்கும் நாட்டம் அதிகம்.

ஒளித்துணிக்கைகளை போஸ் இந்த இரண்டாவது முறையிலேயே எண்ணினார். பிளாங்கின் விதி எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் நேராக வந்து நின்றது. சில பக்கங்களில் அடங்கிவிட்ட கட்டுரை அது.

ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம்

தமது கட்டுரையை அவர் இங்கிலாந்தின் பெயர்பெற்ற விஞ்ஞான சஞ்சிகை ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே அது பிரசுரமாகவில்லை. வேறு ஒருவராயின் அத்தோடு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார். போஸ் 1924 ஜூன் 4 ஆம் திகதி அதே கட்டுரையை ஒரு கடிதத்துடன் பெர்லினிலிருந்த ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவைத்தார். போஸுக்கு அப்போது வயது 30. கலாநிதிப் பட்டம் இல்லை. ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதும் இல்லை. ஐன்ஸ்டைனோ நோபல் பரிசு பெற்று உலகமெல்லாம் அறியப்பட்டவர்.

அந்தக் கடிதத்தில் கெஞ்சலும் இல்லை, தலைக்கனமும் இல்லை. கட்டுரையில் தாம் செய்திருப்பது என்ன என்பதைச் சொல்லி, அதைப் பிரசுரிக்கத் தகுந்தது என்று கருதினால் ஜேர்மன் சஞ்சிகையொன்றில் வெளிவர உதவுமாறு கேட்டார். அதை மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜேர்மன் தெரியாது என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். முன்பின் அறியாதவராக இருந்தும் தயங்காமல் எழுதுவதற்கு அவர் சொன்ன காரணம், உலகில் பௌதிகவியல் கற்கும் யாவருமே ஐன்ஸ்டைனின் எழுத்துக்களால் பயன்பெற்ற மாணவர்கள்தானே என்பதாகும்.

ஐன்ஸ்டைன் அதைப் படித்தார். தாமே உட்கார்ந்து ஜேர்மன் மொழிக்கு மாற்றினார். இது ஒரு முக்கியமான முன்னேற்றம் என்ற கருத்தில் ஒரு குறிப்பும் சேர்த்து சஞ்சிகைக்கு அனுப்பினார். அந்த ஆண்டே கட்டுரை வெளியாயிற்று. அவர் போஸுக்கும் ஒரு தபாலட்டையில் பதில் எழுதினார். அந்தத் தபாலட்டை ஒன்றே போதுமாக இருந்தது. பல்கலைக்கழகம் அவருக்கு இரண்டு ஆண்டு வெளிநாட்டு விடுமுறை வழங்கியது. ஜேர்மன் தூதரகம் கட்டணம் வாங்காமலே வீசா கொடுத்தது.

ஆனால் எல்லாவற்றிலும் ஐன்ஸ்டைன் அவருடன் உடன்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போஸ் அனுப்பிய அடுத்த கட்டுரையையும் அவர் மொழிபெயர்த்துப் பிரசுரிக்க உதவினார். அதிலுள்ள கருத்தைத் தாம் ஏற்கவில்லை என்ற குறிப்பையும் கூடவே இணைத்தார். பெரியவர் மறுத்தார் என்பதற்காக போஸ் மனமுடைந்து போகவில்லை. மதிப்பும் மறுப்பும் ஒன்றாக இருக்கலாம் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள்.

1924 இன் பிற்பகுதியில் போஸ் பாரிஸ் சென்றார். அங்கே மேரி கியூரி அம்மையாரைச் சந்தித்தபோது நடந்தது சுவையானது. அவரது ஆய்வுகூடத்தில் வேலை செய்ய விரும்புவதாக போஸ் தெரிவிக்க, முதலில் சில மாதங்கள் பிரெஞ்சு மொழி கற்றுக்கொண்டு வரும்படி அம்மையார் அன்போடு நீண்ட அறிவுரை வழங்கினார். போஸுக்கு ஏற்கனவே பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை. இடைமறித்துப் பேசவும் மனம் துணியவில்லை. பேசாமல் கேட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பெர்லின் சென்று ஐன்ஸ்டைனை நேரில் கண்டார். 1926 இல் டாக்காவுக்குத் திரும்பி வந்தார். கலாநிதிப் பட்டம் இல்லாதபோதிலும், ஐன்ஸ்டைன் போன்றோரின் பரிந்துரை இருந்தமையால் பேராசிரியர் பதவியும் துறைத் தலைமையும் அவருக்குக் கிடைத்தன. பின்பு விஞ்ஞான பீடாதிபதியாகவும் விளங்கினார்.

ஆசிரியர் போஸ்

போஸ் தமது வாழ்நாளில் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவே. இதை ஒரு குறையாகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அவரது நேரம் எங்கே போனது என்று பார்த்தால் அந்தக் குறை வேறுவிதமாகத் தெரியும். அவருடைய கதவு மாணவருக்கு எப்போதும் திறந்திருந்தது. பௌதிகவியல் மட்டுமன்றி இரசாயனவியல், கணிதம், இலக்கியம், இசை என்று எதைப் பற்றியும் அவரிடம் கேட்கலாம். எஸ்ராஜ் என்ற நரம்பிசைக் கருவியை அவர் அழகாக வாசிப்பார்.

டாக்காவில் அவரிடம் நெருங்கிப் பழகியவர்களில் ஒருவர் காஸி மோதாஹர் ஹுசைன். பௌதிகவியல் கற்பித்துக்கொண்டிருந்த அவரைப் புள்ளிவிபரவியலின் பக்கம் திருப்பிவிட்டவர் போஸ். பிற்காலத்தில் அதே பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியற் பிரிவை நிறுவியவரும், வங்காள மொழியின் சிறந்த கட்டுரையாளர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவரும் இந்த மோதாஹர் ஹுசைனே.

1945 இல் போஸ் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அங்கே அவரிடம் ஆய்வு செய்த மாணவி பூர்ணிமா சின்ஹா. களிமண்ணின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய விரும்பிய அவருக்கு வேண்டிய கருவி இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் கழிவாக விற்கப்பட்ட இராணுவ உதிரிப் பாகங்களைத் தேடி வாங்கி, தாமே கருவியை அமைத்து ஆய்வை முடித்தார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆரம்பகாலப் பெண்களுள் அவரும் ஒருவரானார்.

இவையெல்லாவற்றிலும் போஸ் உறுதியாகப் பற்றி நின்ற கொள்கை தாய்மொழிக் கல்வி. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மொழிகளைக் கற்றிருந்தும், ஒரு மாணவர் தமது சொந்த மொழியில் சிந்திக்கும்போதுதான் விஞ்ஞானம் உள்ளே இறங்கும் என்று அவர் நம்பினார். 1948 இல் வங்காள விஞ்ஞானப் பேரவையை நிறுவி, அறிவும் விஞ்ஞானமும் என்று பொருள்படும் பெயரில் வங்காள மொழிச் சஞ்சிகையொன்றை வெளியிடச் செய்தார். கலைச்சொற்கள் இல்லையே என்றவர்களின் வாதத்தை அவர் ஏற்கவில்லை. பயன்படுத்தத் தொடங்கினால் சொற்கள் தாமாக வந்து சேரும் என்பதே அவரது நிலைப்பாடு. கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் 1937 இல் பிரபஞ்சத்தைப் பற்றி வங்காளத்தில் எளிமையாக எழுதிய விஸ்வபரிசய் என்ற விஞ்ஞான நூலை போஸுக்கே காணிக்கையாக்கியிருந்தார்.

1954 இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது. 1956 இல் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் உபவேந்தரானார். 1958 இல் லண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார். நோபல் பரிசு மட்டும் அவருக்கு வழங்கப்படவில்லை. அவரது கட்டுரையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை 1974 ஜனவரியில் கல்கத்தாவில் விஞ்ஞானிகள் கூடிக் கொண்டாடினார்கள். சில வாரங்களின் பின், பெப்ரவரி 4 ஆம் திகதி, தமது எண்பதாவது வயதில் அவர் காலமானார்.

அவர் காணாத பரிசோதனை

போஸின் எண்ணும் முறையை ஐன்ஸ்டைன் ஒளியோடு நிறுத்திவிடவில்லை. அணுக்களுக்கும் அதைப் பயன்படுத்தி, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் ஒரு வியப்பான முடிவுக்கு வந்தார். ஒரு வாயுவைப் போதிய அளவு குளிர்வித்தால், அணுக்களில் பெரும் பகுதி ஒரே மிகத் தாழ்ந்த சக்தி நிலையில் போய்ச் சேர்ந்துவிடும். தனித்தனி அணுக்கள் என்ற நிலை மாறி, யாவும் ஒரே அலைபோல நடந்துகொள்ளும். மேலே பார்த்த வளையல்கள் ஒரே பெட்டிக்குள் கூடுவதைப் போன்றதே இதுவும். இதற்கு போஸ் ஐன்ஸ்டைன் ஒடுக்கம் என்று பெயர்.

ஆனால் அதற்கு வேண்டிய குளிரை எவராலும் உண்டாக்க முடியவில்லை. குளிருக்கு ஓர் எல்லை உண்டு. அது மறை 273.15 பாகை செல்சியஸ். அதையே நாம் தனிப்பூச்சியம் என்கிறோம். அந்த எல்லைக்கு மேலே ஒரு பாகையின் கோடியில் சில பங்கு அளவுக்கு நெருங்கிச் செல்ல வேண்டும். லேசர் ஒளியை எதிர்த்திசையிலிருந்து பாய்ச்சி அணுக்களின் வேகத்தைக் குறைக்கும் வித்தை பின்னரே கைவந்தது. அதன்பின் சூடான அணுக்களை மட்டும் வெளியேற விடுகிறார்கள். கோப்பையிலிருந்து ஆவி பறக்கப் பறக்கத் தேநீர் ஆறுவதைப் போல மிஞ்சியவை மேலும் குளிர்கின்றன.

1995 ஜூன் 5 ஆம் திகதி அமெரிக்காவின் கொலராடோவில் எரிக் கோர்னலும் கார்ல் வீமனும் ஏறத்தாழ 2000 ரூபிடியம் அணுக்களை இந்நிலைக்குக் கொண்டுவந்தனர். ரூபிடியம் 87 அணுவில் 37 புரோத்தன்கள், 50 நியூத்திரன்கள், 37 இலத்திரன்கள் உண்டு. கூட்டினால் 124, இரட்டை எண். ஆதலால் அந்த அணு முழுமையாகப் பார்க்கும்போது போசான் குடும்பத்தைச் சேர்கிறது. சில மாதங்களில் வொல்ஃப்காங் கெற்றர்லே சோடியம் அணுக்களில் அதைச் செய்து காட்டினார். மூவருக்கும் 2001 இல் நோபல் பரிசு கிடைத்தது. போஸ் மறைந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தக் கடுங்குளிர் அணுக்கள் இன்று இன்னொரு புதுமைப் பொருளைச் சந்திக்கின்றன. அது காபன் நனோக்குழாய். பென்சில் கரியில் இருப்பது போன்ற காபன் தாளைச் சுருட்டிய குழாய் இது. ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா 1991 இல் இத்தகைய குழாய்களை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே உலகின் கவனம் இதன்மேல் திரும்பியது. இதன் விட்டம் ஒரு சில நனோமீற்றர் மட்டுமே. எமது தலைமுடி ஒன்றின் தடிப்பில் இத்தகைய குழாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக அடுக்கலாம்.

2010 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் லேனே ஹவ் என்ற டென்மார்க்கில் பிறந்த பெண் விஞ்ஞானியின் குழுவினர் ஒரு பரிசோதனை செய்தனர். இவர் 1999 இல் குளிர் அணுக்களின் ஊடாக ஒளியைச் செலுத்தி, அதன் வேகத்தைச் செக்கனுக்கு 17 மீற்றராகக் குறைத்துக் காட்டியவர். வெற்றிடத்தில் தனியொரு நனோக்குழாயை அந்தரத்தில் நிறுத்தி, அதற்குச் சில நூறு வோல்ட் அழுத்தம் கொடுத்தார்கள். குளிர்ந்த ரூபிடியம் அணுக்களை அதை நோக்கி மெல்ல ஏவினார்கள். குழாய் மிக மெல்லியது என்பதால் அதன் அருகே மின்புலம் மிக வலிமையாகிறது. ஏற்றமில்லாத அணுவும் அந்தப் புலத்தில் முனைவாக்கம் அடைந்து குழாயை நோக்கி இழுபடுகிறது. சுற்றிச் சுற்றி நெருங்குகிறது. மிக அருகே வந்ததும் அணுவின் ஓர் இலத்திரன் குழாய்க்குள் புகுந்துவிட, மிஞ்சிய நேர் அயன் வேகமாக வெளியே தள்ளப்படுகிறது. அந்த அயனைக் கண்டறிவதன் மூலம் அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

2012 இல் ஜேர்மனியின் ரூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றார்கள். அவர்கள் பயன்படுத்திய குழாய் சிப் ஒன்றின் மேல் செங்குத்தாக நின்றது. கடுங்குளிர் ரூபிடியம் முகிலை நகர்த்திவந்து குழாய் அதற்குள் மூழ்கும்படி செய்து, நேரம் செல்லச் செல்ல எத்தனை அணுக்கள் இழக்கப்படுகின்றன என்று அளந்தார்கள். இங்கே அணுவை இழுப்பது வெளியிலிருந்து கொடுத்த மின்னழுத்தம் அல்ல. ஏற்றமில்லாத எந்த இரு பொருட்களுக்கும் இடையே மிக அருகில் தோன்றும் நுண்ணிய ஈர்ப்பு அது. கஸிமிர், போல்டர் என்ற இரு ஒல்லாந்து விஞ்ஞானிகள் 1948 இல் இத்தகைய விசையைக் கணித்துச் சொன்னார்கள். அறை வெப்பநிலையில் அணுக்கள் செக்கனுக்குச் சில நூறு மீற்றர் வேகத்தில் பறக்கின்றன. இவ்வளவு மெல்லிய விசையை அவை பொருட்படுத்துவதில்லை. குளிர்ந்து தளர்ந்த அணுக்கள் மட்டுமே அதை உணர்கின்றன. நனோ அளவில் கருவிகள் செய்யும்போது இந்த விசையே சிறு பாகங்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. ஆகவே அதை அளக்கத் தெரிந்திருப்பது பெரும் பயன் தரும்.

டாக்காவில் ஓர் ஆசிரியர் தமது பாடத்தில் ஒரு படி பிழைத்திருக்கிறது என்று பொறுமையிழந்ததன் விளைவு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

எமக்கு என்ன

இலங்கையில் நாம் உயர்தரம் வரை பௌதிகவியலைத் தமிழில் கற்கிறோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். அந்த மாற்றத்தை நினைத்துப் பயந்து, விஞ்ஞானப் பிரிவே வேண்டாம் என்று ஒதுங்கும் மாணவிகள் இருக்கிறார்கள். தமிழில் படித்துப் பயனில்லை என்று சொல்லும் பெற்றோரும் இருக்கிறார்கள். போஸின் வாழ்க்கை இரண்டு பக்கத்துக்கும் விடை சொல்கிறது. பிறமொழிகளை அவர் வெறுக்கவில்லை. தேவை வந்தபோது உட்கார்ந்து கற்றார். ஜேர்மன் மொழியை முழுதாக அறியாததை மறைக்காமல் எழுதி, உதவி கேட்டார். அதே வேளை தமது மொழியில் விஞ்ஞானம் சொல்வதைத் தாழ்வாகவும் எண்ணவில்லை. இரண்டும் ஒருவரிடம் இருக்க முடியும்.

இக்கட்டுரையில் வரும் துணிக்கை, இலத்திரன், மின்புலம், முனைவாக்கம், வெற்றிடம் ஆகிய சொற்கள் எமக்கு முன் வந்த ஆசிரியர்களும் அறிஞர்களும் ஆக்கித் தந்தவை. அவர்கள் செய்து வைத்திராவிட்டால் இவ்வளவையும் எம்மால் தமிழில் எழுதியிருக்க முடியாது. ஆனால் அவர்கள் காலத்தில் கடுங்குளிர் அணுக்களும் நனோக்குழாய்களும் பாடத்தில் இருக்கவில்லை. அவற்றுக்கான தமிழை எழுதுவது இப்போது எமது முறை. அடுத்த வருட இதழில் எமது கல்லூரித் தங்கைகளில் ஒருவர் இதே விடயத்தை இன்னும் தெளிவாக, இன்னும் நல்ல சொற்களால் எழுதுவாராயின், அதைப் படித்து மகிழ்பவர்களில் நானும் ஒருத்தியாக இருப்பேன்.